பனிக்காலத்தில் பிட்சரைத் திருத்துவது: ஒரு பக்கெட் அப்பாவின் குறிப்புகள்

எங்கள் வீட்டுக் கராஜில் குளிர்காலத்தில் கார் நிற்காது. நவம்பர் கடைசியிலிருந்து மார்ச் பாதி வரை அங்கே ஒரு வலை, தரையில் ஒட்டிய நீல டேப், மதுரையிலிருந்து வந்த பழைய ஜமுக்காளம், கவிழ்த்துப் போட்ட ஒரு பெயின்ட் பக்கெட். பக்கெட் எனக்கு. பேஸ்பால் போன்ற, ஆனால் கையைக் கீழாகச் சுற்றிப் பந்து வீசும் ஆட்டம் சாஃப்ட்பால். அதில் பந்து வீசும் பெண்ணின், அதாவது பிட்சரின், அப்பாவை இங்கே 'பக்கெட் டாட்' என்பார்கள். மகள் வீச வீச, அவர் அதில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். சிகாகோவுக்கு மேற்கே நேப்பர்வில்லில் எங்கள் குளிர்கால மாலைகள் இப்படித்தான் போகின்றன.

நான் ஊரில் டென்னிஸ் பந்தில் மிதவேகம் போட்டவன். சாஃப்ட்பாலை முதலில் பார்த்ததே மகளுக்கு எட்டு வயதானபோதுதான். கிரிக்கெட் தெரியும் என்ற தைரியத்தில் நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததில் பாதி தப்பு. முக்கியமான தப்பு, "கையை மடக்காதே" என்று ஓயாமல் கத்தியது. பந்து வீசும்போது முழங்கை மடங்கினால் நோ-பால் என்று ரத்தத்தில் ஊறிப்போன கூட்டம் நாம். சாஃப்ட்பாலில் அந்த முழங்கை கொஞ்சம் மடங்கித்தான் ஆக வேண்டும். இது புரிய எனக்கு இரண்டு வருடம் ஆனது. புரிந்த பிறகு வந்த குளிர்காலத்தில் என்ன செய்தோம் என்பதுதான் இந்தக் குறிப்பு. பத்து முதல் பதினாலு வயதுக்குள் பிட்சர் மகள் இருக்கும் வீடுகளுக்கு உதவலாம். வலக்கைக்காரி என்று வைத்து எழுதுகிறேன். இடக்கை என்றால் பக்கங்களை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் தூரக் கணக்கு. பத்து வயதுக்கு உட்பட்டவர்கள் 35 அடியிலிருந்து 11 அங்குலச் சுற்றளவுள்ள பந்தை வீசுவார்கள். பன்னிரண்டு வயதுப் பிரிவில் 40 அடி, பந்து 12 அங்குலம். பதினாலில் 43 அடி, அப்புறம் கல்லூரி வரை அதேதான். நம் கிரிக்கெட் பிட்ச் 66 அடி என்பதை நினைத்துக்கொண்டால் பேட்ஸ்மேனுக்கு எவ்வளவு குறைவான நேரம் என்பது விளங்கும். என் மகள் அந்த வருடம் 40-இலிருந்து 43-க்குப் போக வேண்டியிருந்தது. மூன்று அடிதானே என்று தோன்றும். ஆனால் பிள்ளைகள் அந்த மூன்றடியைத் தோளால் ஈடுகட்டப் பார்ப்பார்கள். பாதி வீடுகளில் குளிர்காலம் தொடங்கியதும் 43 அடி அளந்து கோடு போட்டு முழு வேகத்தில் வீசச் சொல்வதைப் பார்த்திருக்கிறேன். நானும் அப்படித்தான் இருந்தேன்.

ஆஃப்-சீசனில் நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, வீட்டில் 'ஸ்ட்ரைக்' என்ற சொல்லையே தடை செய்வது. சீசனில் பிள்ளைக்கு ஒரே குறி, பந்து ஸ்ட்ரைக் ஆக வேண்டும், அதாவது பேட் செய்பவர் அடிக்கக்கூடிய சரியான இடத்தில் போக வேண்டும். அதற்காக உடம்பு எந்தக் கோணலையும் கற்றுக்கொள்ளும். என் மகள் பந்தை 'கொண்டுபோய் வைப்பதற்காக' விடும் நேரத்தில் முன்னால் குனிவாள். ஸ்ட்ரைக் விழும், கோச் கை தட்டுவார், கோணல் உறுதிப்படும். குறி இருக்கிறவரை பழையதை விட மனசு வராது. ஆகவே பிளேட்டை, பிட்சர் குறிவைக்கும் அந்தத் தரைத் தகட்டை, எடுத்து உள்ளே வையுங்கள். பிளேட்டுக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சர் வேண்டாம், நீங்களும் பக்கெட்டில் உட்கார வேண்டாம். ஆறு அடியில் வலை, அவ்வளவுதான். பந்து வலையில் எங்கே படுகிறது என்று யாரும் பார்க்கக் கூடாது.

அதற்கும் முன்னால் ஓய்வு. எங்களுக்கு இலையுதிர் கால ஆட்டம் அக்டோபர் கடைசியில் முடியும். அதிலிருந்து நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் விடுமுறை முடியும்வரை பந்தைத் தொடவில்லை. இந்த ஆட்டமே 1887-இல் இதே சிகாகோவில் ஒரு தேங்க்ஸ்கிவிங் நாளில், ஃபாரகட் போட் கிளப் என்ற இடத்தில், கட்டிடத்துக்குள்ளே ஒரு குத்துச்சண்டைக் கையுறையைச் சுருட்டிக் கட்டிப் பந்தாக்கி ஆரம்பித்ததாம். வெளியே குளிர், உள்ளே ஆட்டம். கராஜில் வலை கட்டியபோது எனக்கு அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

ஓய்வு ஏன் என்று கேட்பவர்களுக்கு: கீழ்க்கை வீச்சு இயற்கையானது, தோளுக்கு ஒன்றும் ஆகாது என்று இங்கே ரொம்ப நாளாக ஒரு நம்பிக்கை. 1996 ஒலிம்பிக்கில் வீசியவர்களை அளந்த ஓர் ஆய்வில், தோளைக் கழற்றி இழுப்பதுபோன்ற விசை சராசரியாக உடல் எடையில் 80 சதவீதம் வந்தது. மேற்கை வீச்சைவிட இதில் பைசெப்ஸ் தசைக்கு வேலை அதிகம் என்றும் அளந்து காட்டியிருக்கிறார்கள். பிள்ளை தோளின் முன்பக்கம் கையை வைத்து "இங்கே வலிக்குது" என்றால் அதை அலட்சியப்படுத்தாதீர்கள். 2008 பெய்ஜிங்கில் ஜப்பானின் யுகிகோ உவேனோ இரண்டு நாளில் மூன்று ஆட்டம், 413 பந்து வீசித் தங்கம் வாங்கிக்கொடுத்தார். அதைப் பார்த்துக் கண்கலங்கலாம், பன்னிரண்டு வயதுக்காரியிடம் எதிர்பார்க்கக் கூடாது. அந்த ஐந்து வாரமும் மகள் நீச்சலுக்குப் போனாள், ஒற்றைக் காலில் நின்று பல் தேய்த்தாள், தரையில் மல்லாந்து இடுப்பைத் தூக்கி இறக்கினாள். போதும்.

ஓய்வு முடிந்ததும் வீசுவதற்கு முன் வீடியோ. ஃபோனில் ஸ்லோ-மோஷனை நொடிக்கு 240 ஃபிரேமில் வைத்து, இடுப்பு உயரத்தில் இரண்டு இடத்திலிருந்து எடுங்கள். ஒன்று மூன்றாம் பேஸ் பக்கத்திலிருந்து (வீசுபவளுக்கு வலப்பக்கம்; முதல் பேஸ் இடப்பக்கம், இரண்டாம் பேஸ் முதுகுக்குப் பின்னால்), இன்னொன்று வலைக்குப் பின்னாலிருந்து நேராக. பத்து பந்து. வாயைத் திறக்காதீர்கள். தேதி போட்டுச் சேமித்து வையுங்கள், மார்ச்சில் தேவைப்படும்.

அந்த வீடியோவைப் படிக்க ஒரு கடிகாரத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மூன்றாம் பேஸில் நின்று பார்த்தால், கை கேட்சரை நோக்கி நீண்டிருப்பது மூன்று மணி, தலைக்கு நேர் மேலே பன்னிரண்டு, பின்னால் இரண்டாம் பேஸை நோக்கி ஒன்பது, இடுப்போரம் பந்தை விடுவது ஆறு. முள் எதிர்த்திசையில் சுற்றும். நான் நிறுத்திப் பார்ப்பது ஒன்பதிலிருந்து ஆறு வரை உள்ள கால்வட்டம் மட்டும். அதற்கு முன்னால் கையை எப்படி ஆட்டுகிறாள், பின்னால் எவ்வளவு சாய்கிறாள் என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் வேறு. பெரிய பிட்சர்களை வரிசையாகப் பாருங்கள், தொடக்கம் ஒருவரைப்போல் இன்னொருவருக்கு இருக்காது. ஒன்பதுக்குப் பிறகு எல்லோரும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருப்பார்கள். ஆகவே திருத்தம் பின்னாலிருந்து முன்னால் போக வேண்டும். முதலில் பந்து விடும் இடம், அப்புறம் கை, கடைசியில் கால்.

இந்தக் கால்வட்டத்தில்தான் எங்களுக்கு ஒரு பயிற்சியாளரால் ஒரு வருடம் வீணானது. அரை மணிக்கு ஐம்பது டாலர் வாங்கிக்கொண்டு அவர் சொல்லிக்கொடுத்தது: ஒன்பது மணியில் உள்ளங்கை இரண்டாம் பேஸைப் பார்க்க வேண்டும், கீழே வந்ததும் மணிக்கட்டைச் சொடுக்க வேண்டும், இடுப்பைக் கதவு மாதிரி படாரென்று சாத்த வேண்டும், முழங்கை கேட்சருக்கு வணக்கம் சொல்வதுபோல் மேலே ஏற வேண்டும். இது பழைய பாடம். வேகமாக வீசும் எந்தப் பிட்சரின் ஸ்லோ-மோஷனை நிறுத்திப் பார்த்தாலும் அவர் அப்படிச் செய்யமாட்டார். சிலர் சொல்லிக்கொடுப்பதுகூட அப்படி, ஆனால் அவர்களே வீசுவது வேறு.

உண்மையில் நடப்பது இது. ஒன்பது மணியில் முழங்கை லேசாக மடங்கி, உள்ளங்கை வானத்தையோ மூன்றாம் பேஸையோ பார்க்கும். கை இறங்கும்போது முழங்கை முன்னால் வரும், பந்து பின்தங்கும். மேல்கை விலாவை ஒட்டும், முன்கை இடுப்பெலும்பை உரசும். அந்த உரசலில் கை ஒரு கணம் தடைபட, முன்கை உள்நோக்கிச் சுழன்று பந்தைச் சாட்டை நுனிபோல் எறிந்துவிடும். உள்ளங்கை மூன்றாம் பேஸைப் பார்த்து இறங்கி, விடும்போது கேட்சரைப் பார்த்து, விட்டபின் தரையை நோக்கித் திரும்பி முதல் பேஸ் பக்கம் போகும். மணிக்கட்டு தானாக ஆடும், ஆட்டத் தேவையில்லை. முன்கையில் உரசிய இடம் முதல் வாரம் சிவந்திருந்தால் சரியாக வீசுகிறாள் என்று அர்த்தம். முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

இதை வார்த்தையில் சொன்னால் எந்தப் பிள்ளைக்கும் புரியாது. எனக்குக் கைகொடுத்தது தவளைக்கல். ஊரில் கண்மாயில் ஓட்டுச்சில்லை வீசித் தண்ணீர்மேல் தத்தித் தத்திப் போகவிடுவோமே, அதேதான். சில்லை வீசும்போது யாரும் கையை நேராக நீட்டி வீசமாட்டோம். முழங்கை இடுப்பை ஒட்டி முன்னே போகும், கை பின்னாலிருந்து சுழன்று வரும். அடுத்த நாள் நதிக்கரை நடைபாதைக்குக் கூட்டிக்கொண்டு போய் இருபது கல் வீசவிட்டேன். கை மரத்துப் போனது. ஆனால் "அப்பா, இது பிட்சிங் மாதிரியே இல்லையே" என்றாள். அதுதான் வேண்டியது, பழைய பிட்சிங் மாதிரி இருக்கக் கூடாது.

டிசம்பர் முழுக்க நாங்கள் செய்தது இவ்வளவுதான். என் குளிர்கால சாக்ஸ் இரண்டைச் சுருட்டி ஒரு பந்து. ஜமுக்காளத்தில் வலது முழங்காலை ஊன்றி, இடது பாதத்தை வலையை நோக்கி முன்னே வைத்து, நெஞ்சு மூன்றாம் பேஸைப் பார்க்க உட்காருவாள். கையை ஒன்பது மணியில் நிறுத்தி, அங்கிருந்து மட்டும் இறக்கி வலையில் விடுவாள். சாக்ஸில் முப்பது. சாக்ஸுக்கு எடை இல்லாததால் பந்தை 'தள்ள' முடியாது, சுழற்றினால்தான் போகும். அப்புறம் உண்மையான பந்தில் இருபது. பந்தின் நடுவில் கறுப்பு மின்சார டேப்பை ஒரு சுற்று ஒட்டி, டேப் பந்தோடு சக்கரம்போல் உருள்கிறதா என்று பார்ப்போம். கொஞ்சம் சாய்ந்தால் பரவாயில்லை. துப்பாக்கிக் குண்டு மாதிரி பக்கவாட்டில் திருகினால் கை பந்துக்கு அடியில் அறுத்துக்கொண்டு போகிறது என்று பொருள், மறுபடி சாக்ஸுக்குப் போவோம்.

வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொன்றும் அரை மணி. செவ்வாய், வியாழன், சனி. ஞாயிறு காலை தமிழ்ப்பள்ளி, அன்று பந்தைப் பற்றிப் பேச்சே கிடையாது. கராஜில் ஹீட்டர் இருந்தாலும் உடம்பு சூடாகாது, வீட்டுக்குள் ஐந்து நிமிடம் கயிறு தாண்டிவிட்டு வரச் சொல்லுங்கள். பந்துகளையும் உள்ளேயே வையுங்கள், குளிரில் விறைத்த பந்தைப் பிடிப்பது விரல்களுக்கு நல்லதல்ல.

ஒரு எச்சரிக்கை. மூன்றாவது வாரத்தில் எல்லாம் கெட்டுப்போகும். பந்து எங்கெங்கோ போகும். எங்கள் வீட்டில் ஒன்று நேராகப் பின்னால் பறந்து வாஷிங் மெஷின் மூடியில் விழுந்தது. பழைய கோணலும் போய், புதியதும் வராத நடுக்காலம் அது. மகள் அழுதாள், "முன்னாடியே நல்லா இருந்துச்சு" என்றாள். நியாயம்தான். இந்த வாரத்தில்தான் பெற்றவர்கள் பயந்து பழையபடிக்குத் திரும்புவார்கள். வெளியே ஆறங்குலப் பனி, அடுத்த ஆட்டத்துக்கு மூன்று மாதம் இருக்கிறது. தப்பு செய்ய இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

ஜனவரியில் எழுந்து நின்றாள். கால்களை அகட்டி, கையைப் பன்னிரண்டில் வைத்து அங்கிருந்து வீசுவது ஒரு வாரம். பின் நின்றபடியே முழுச் சுற்று. அப்புறம்தான் கால்.

காலுக்கு நீல டேப். பிட்சர் மிதித்து நின்று வீசும் ரப்பர் பட்டை இருக்கும் இடத்தின் நடுவிலிருந்து வலையின் நடுவுக்கு ஒரே கோடு. இடது கால் தாவி இறங்குவது இந்தக் கோட்டின் மேலே அல்லது இரண்டு மூன்று அங்குலத்துக்குள். வலப்பக்கம் தாண்டி இறங்கினால் இடுப்பு வழியை அடைக்கும், கை சுற்றிக்கொண்டு வர வேண்டியிருக்கும். இடப்பக்கம் விலகினால் உடம்பின் பலமெல்லாம் முதல் பேஸுக்குப் போய்விடும். இறங்கும் பாதம் வலையை நேராகப் பார்க்கக் கூடாது, முப்பது நாற்பது டிகிரி மூன்றாம் பேஸ் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். தாவும் நீளம் ஏறக்குறைய அவள் உயரம். பாதம் தரையில் படும்போது கை பன்னிரண்டைத் தாண்டி ஒன்பதை நெருங்கிக்கொண்டிருக்க வேண்டும். கை ஆறுக்கு வந்த பிறகு கால் இறங்கினால் வெறும் கை பலம்தான் மிஞ்சும்.

இங்கே மட்டும் என் கிரிக்கெட் உதவியது. வேகப்பந்து வீச்சாளரின் முன்கால் எப்படிக் கட்டைபோல் நின்று ஓட்டத்தை நிறுத்தி, அந்த வேகத்தைக் கைக்கு அனுப்புமோ, இதிலும் அதேதான். இடது முழங்கால் மடிந்து உள்ளே போனால் வேகம் அங்கேயே செத்துவிடும். முன்னால் குனியும் பழக்கத்துக்கும் மருந்து இதுதான். முன்கால் உறுதியாக நின்றால் தலை அதற்குப் பின்னாலேயே நிற்கும். நான் கொடுத்த ஒரே கட்டளை: "விட்ட பிறகு மூணு எண்ணு, அதுவரைக்கும் விழாம நில்லு."

பின்கால் தரையில் இழுபட்டு வர வேண்டும், பெருவிரல் நுனி உரச. அதைத் தூக்கி ரப்பருக்கு முன்னால் மறுபடி ஊன்றி இன்னொரு உந்து உந்தினால் அம்பயர் சட்டவிரோத வீச்சு என்பார். வலது ஷூ நுனி ஒரு சீசனில் கிழிந்துவிடும், ரப்பர் பசை ஒன்று வாங்கி முன்கூட்டியே பூசுங்கள். இடது கையுறையால் தொடையில் அறையும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள்.

ஜனவரி கடைசியில் நான் ஒரு தப்பு செய்தேன், வேகம் அளக்கும் ரேடார் வாங்கினேன். டென்னஸி பல்கலைக்கழகப் பிட்சர் கார்லின் பிக்கன்ஸ் 2025-இல் மணிக்கு 79.4 மைல் வீசியதை வீட்டில் எல்லோரும் பார்த்திருக்கிறோம், ஆசை யாரை விட்டது. 45 என்று காட்டியது. அடுத்த பந்தை 46 ஆக்க அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வீசியதில் முழங்கை மறுபடி விறைத்தது. ரேடாரைச் சாமான் அறையில் மேல் தட்டில் வைத்துவிட்டேன். நல்ல கை வந்தால் வேகம் வரும், வேகத்தைத் துரத்தினால் கை போகும்.

பிப்ரவரியில் உள்ளரங்கத்தில் ஒரு மணி நேரம் இடம் எடுத்து, 25 அடி, 32 அடி, 40 அடி என்று வாரத்துக்கு ஒரு படி. கடைசி வாரம்தான் 43. பிளேட்டும் கேட்சரும் இப்போதுதான். நான் மீண்டும் பக்கெட்டில், ஊரிலிருந்து கொண்டுவந்த கிரிக்கெட் கால்காப்புகளைக் கட்டிக்கொண்டு. மற்ற அப்பாக்கள் சிரித்தார்கள். கணைக்காலில் ஒரு முறை பந்து வாங்கியவர்கள் சிரிக்கவில்லை. பக்கவாட்டில் வளையும் கர்வ்பால் கேட்டாள், கொடுக்கவில்லை. இந்த வயதில் கர்வ் என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி பக்கவாட்டில் திருகும் நேர்ப்பந்துதான். ஏமாற்றும் மெதுப்பந்தான ஒரு சேஞ்ச்-அப் மட்டும், புறங்கை முன்னே வர அதே கைவேகத்தில் விடுவது. அது பிடிபட மூன்று வாரம் ஆனது.

மார்ச் பாதியில் பனி உருகி பூங்கா மைதானம் திறந்தது. முதல் நாள் வெளியில் பந்து தலைக்கு மேலே போகும், கவலைப்படாதீர்கள். ரப்பருக்கு முன்னால் பள்ளம் இருந்தால் காலால் மண்ணைத் தள்ளி நிரப்பிய பிறகே வீசவிடுங்கள், அந்தப் பள்ளத்தில் இறங்கினால் குளிர்காலம் முழுக்கச் செய்த கால்வேலை வீண்.

பத்து பந்து மறுபடி அதே இரண்டு கோணத்தில் எடுத்தேன். வீட்டுக்கு வந்து, தேங்க்ஸ்கிவிங் வீடியோவோடு, இன்னும் பழையதாக முந்தின வருடத்து வீடியோ ஒன்றையும் தேடியெடுத்து மூன்றையும் வரிசையாக ஓட்டினோம். முந்தின வருடத்தில் கை கழிமாதிரி நேராக இறங்குகிறது. மகள் ஃபோன் சத்தத்தைக் கூட்டினாள். "அப்பா, பின்னாடி யாரோ கத்தறாங்க, கேளுங்க."

கேட்டேன். "மடக்காதே, கையை மடக்காதே" என்று என் குரல்.